மறைந்த மடல்களை மீட்டெடுத்தல்

(பழைய மாணவரும் தமிழாசிரியருமாகிய ஒருவர் எழுதிய பாடக் கட்டுரை)

ஓலை, முடங்கல், திருமுகம், நிருபம், மடல் எனக் கடிதத்துக்குத் தமிழில் வழங்கிய பெயர்கள் பலவாம். பெயர் பலவாயினும் பயன் ஒன்றே. நேரிற் பேசவியலாத ஒருவர் தம் உள்ளக் கருத்தைப் பிறிதோரிடத்திலுள்ளவர்க்கு எட்டச் செய்வதே அப்பயனாகும். 1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ரே தொம்லின்சன் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் விடுத்த காலந்தொட்டு, அவ்வரிசையில் மின்னஞ்சலுக்கும் ஓரிடம் உண்டாயிற்று.

ஓலை ஒடியும், தாளைச் செல்லரிக்கும், மின்மடலுக்கோ இவ்விரு கேடும் இல்லை என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இம்மலருக்குரிய ஆக்கங்களைத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது அவ்வெண்ணம் ஒரே மாலைப்பொழுதிற் கலைந்தது.

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவரிடமிருந்து நினைவுக் கட்டுரைகளைப் பெற்றுப் பேணும் பொறுப்பு என்பாற் சேர்ந்திருந்தது. ரொறன்ரோ, இலண்டன், சிட்னி முதலாய இடங்களிலிருந்து 41 மடல்கள் வந்தன. அவற்றையெல்லாம் எனது மேசைக்கணினியில், தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சற் செயலியில், 'மலர்' எனப் பெயரிட்ட ஒரு கோப்புறையில் வைத்திருந்தேன். ஒருநாள் மாலை, செயலி திறந்திருந்த வேளையில், மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் மீண்டபின் கணினியை இயக்கிப் பார்த்தேன். 'மலர்' இருந்தது, அதனுள் ஒரு மடலும் இல்லை.

அம்மடல்களுள் ஒன்றை எழுதிய அன்பர், அதனை அனுப்பிய மூன்றாம் மாதத்திற் காலமாகிவிட்டார். விடுதியில் வாழ்ந்த தம் இளமைநாளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அது. அவர்தம் பிள்ளைகளுக்கு அவருடைய மின்னஞ்சற் கணக்கின் கடவுச்சொல் தெரியாது. ஆகவே, உலகில் அக்கட்டுரைக்கு இருந்த படி என்னிடத்திருந்த படி ஒன்றே. வெறுந்திரையைப் பார்த்தபோது என் நெஞ்சம் பட்ட பாட்டை ஈண்டு விரித்துரைத்தல் வேண்டா.

அன்றுதொட்டு நான்கு நாள் முயன்று அறிந்தவற்றை ஓர் ஒழுங்கில் அமைத்துக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம். இதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்: திரையில் நாம் காண்பது மடல் அன்று; மடலின் அட்டவணை. அட்டவணை அழிந்தது கண்டு ஏடு அழிந்ததென்று முடிவுசெய்தல் தவறு. அம்முடிவினாற் பதறிச் செய்யும் செயலே பெரும்பாலும் ஏட்டையும் அழித்துவிடுகின்றது.

1. மடல் உறையும் இடம்

நம் மடல்கள் எங்கே உள்ளன என்னும் வினாவுக்கு விடை கணக்கின் வகையைப் பொறுத்தது. வகை இரண்டு: பொப், ஐமாப் என்பன.

பொப் முறையில், செயலி சேவையகத்துக்குச் சென்று மடல்களை நம் கணினிக்குக் கொண்டுவரும். கொண்டுவந்தபின் சேவையகத்திலுள்ள படியை உடனே நீக்குதலும் உண்டு. 14 நாள் போன்ற ஒரு தவணை வரையில் வைத்திருந்து நீக்குதலும் உண்டு. தவணை கழிந்தபின் நம் கணினியிலுள்ள படியே மூலமாகும். தபாற் கந்தோருக்குச் சென்று கடிதங்களை வீட்டுக்கு எடுத்துவருதலை இது ஒக்கும்.

ஐமாப் முறையை மார்க் கிறிஸ்பின் என்பார் 1986இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வகுத்தார். இம்முறையில் மூலம் சேவையகத்திலேயே தங்கும். நம் கணினியிலுள்ளது அதன் நிழற்படி. கைபேசியில் ஒரு மடலை அழித்தால் அது மேசைக்கணினியிலும் அழியும். இதனை அறியாதார், மூன்று கருவிகளில் ஒரே மடலைக் காண்பது கொண்டு தம்மிடம் மூன்று படிகள் உள்ளனவென்று மயங்குவர். மூன்று கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தால் முகம் மூன்றாகிவிடாது.

இனி, தண்டர்பேர்ட் செயலி மடல்களை வைக்கும் வகையைக் காண்போம். ஒவ்வொரு பயனர்க்கும் 'புரொபைல்' எனப்படும் ஒரு தனிக் கோப்புறை உண்டு. அதனுள் 'மெயில்' என்னும் உறையில் பொப் மடல்களும், 'ஐமாப்மெயில்' என்னும் உறையில் ஐமாப் நிழற்படிகளும் இருக்கும். இவற்றுள்ளே நாம் திரையிற் காணும் கோப்புறை ஒவ்வொன்றுக்கும் இவ்விரண்டு கோப்புகள் உண்டு.

முதலாவது, பின்னொட்டு எதுவுமின்றிக் கோப்புறையின் பெயரையே கொண்ட கோப்பு. 'மலர்' என்னும் கோப்புறைக்கு 'மலர்' என்பதே கோப்பின் பெயர். மடல்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நெடிய சுருளில் எழுதியதுபோல் இதனுள் அடங்கியிருக்கும். இவ்வமைப்பினை எம்பொக்ஸ் என்பர். யுனிக்ஸ் கணினிகளின் காலத்திலிருந்து வழங்கிவருவது இது. ஒவ்வொரு மடலின் தொடக்கத்திலும், ஆங்கிலத்தில் 'இன்னாரிடமிருந்து' என்று பொருள்படும் சொல்லொடு தொடங்கும் ஒரு வரி எல்லைக்கல்லாக நிற்கும்.

இரண்டாவது, அதே பெயருடன் எம்.எஸ்.எவ் என்னும் பின்னொட்டுக் கொண்ட கோப்பு. இதனுள் மடல் இல்லை. அனுப்பியவர் யார், தலைப்பு யாது, நாள் எது, சுருளின் எவ்விடத்தில் அம்மடல் தொடங்குகின்றது என்னும் குறிப்புகளே உள்ளன. இதுவே அட்டவணை. திரையிற் காணும் வரிசை இதனின்றும் பிறப்பது.

நூல்நிலையத்தில் நூற்பட்டியலட்டைகள் வெள்ளத்தில் நனைந்து போயின என்று கொள்வோம். அலுமாரியிலுள்ள நூல்கள் அதனாற் போய்விடுமோ? போகா. ஆயினும், அட்டையை மட்டுமே பார்ப்பவர்க்கு நூல்நிலையம் வெறுமையாகத் தோன்றும். அந்நிலையே அன்று என்னுடையதும்.

2. முதற்கண் செய்யத்தகாதனவும் செய்யத்தக்கனவும்

மடல்கள் காணாமற்போனால் முதலிற் செய்யத்தகாதன மூன்று.

ஒன்று, கோப்புறையைச் 'சுருக்குதல்'. ஆங்கிலப் பட்டியலில் இது 'கொம்பாக்ற்' என்றிருக்கும். இதன் தீங்கைப் பின்னர் விளக்குவேன். இரண்டு, செயலியை நீக்கி மீள நிறுவுதல். மடல்கள் புரொபைல் கோப்புறையில் இருத்தலின் செயலியை மீள நிறுவுவதால் அவை திரும்பா; 'பழைய தரவுகளையும் நீக்கவோ' என்று வினவும் பெட்டிக்கு அறியாமல் 'ஆம்' என்று விடையிறுத்தலும் நேரும். மூன்று, ஐமாப் கணக்காயின் இணையத்தோடு மீள இணைதல். சேவையகத்தில் மடல்கள் இல்லையெனின், செயலி அந்நிலைக்கு ஒப்ப நம்மிடத்துள்ள நிழற்படியையும் வெறுமையாக்கிவிடும். எனவே இணையத்தைத் துண்டித்தபின்பே செயலியைத் திறத்தல் வேண்டும்.

செய்யத்தக்கது ஒன்றே: படியெடுத்தல். செயலியின் 'ஹெல்ப்' பட்டியலில் 'ட்ரபிள்சூட்டிங் இன்பர்மேஷன்' என்பதைத் திறந்தால், அங்கே புரொபைல் கோப்புறை என்னும் வரியும், அதனைத் திறக்கும் பொத்தானும் காணப்படும். அதனை அழுத்தி இடத்தைக் கண்டபின், செயலியை முற்றாக மூடிவிட்டு, அக்கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டுக்குப் படியெடுக்க. விண்டோஸ் கணினியில் அது 'அப்டேற்றா' என்னும் மறைந்த கோப்புறைக்குள் இருப்பதால், மறைந்தவற்றைக் காட்டும்படி அமைத்தாலன்றி நேரிற் சென்று காணல் அரிது.

பென் டிரைவிற் படியெடுப்போர் இன்னுமொன்றை நினைவிற் கொள்க. அது 'ஃபாற்32' என்னும் முறையில் அமைந்ததாயின், 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. பல்லாண்டு மடல்கள் சேர்ந்த இன்பொக்ஸ் அவ்வளவை எட்டுதல் அருமையன்று.

இனிச் செய்யும் பரிசோதனை யாவும் படியின்மேலேயே செய்யப்படுக. மூலத்தில் கைவையாதிருத்தல் ஏட்டுச்சுவடி ஆராய்வோர்க்கு மட்டும் உரிய விதி அன்று.

3. குறி கண்டு காரணம் தேர்தல்

வைத்தியர் மருந்தைப் பின்னும் நோயை முன்னும் நினைப்பர். அதுபோல், 'மடல் இல்லை' என்னும் ஒரே முறையீட்டுக்குப் பின்னாற் பல காரணங்கள் இருத்தலின், எளியவற்றை முதலில் ஆராய்ந்து விலக்குதல் முறை.

(அ) மறைப்பு. படியாதவற்றை மட்டும் காட்டுக, நட்சத்திரமிட்டவற்றை மட்டும் காட்டுக என்னும் வடிகட்டி ஏதேனும் இயங்கிக்கொண்டிருக்கலாம். அதனை நீக்கினால் மடல்கள் தோன்றிவிடும். மடலைத் தெரிந்த நிலையில் விசைப்பலகையில் 'ஏ' என்னும் எழுத்தைக் கைதவறி அழுத்தினால், அம்மடல் 'ஆர்க்கைவ்ஸ்' என்னும் பழஞ்சேமிப்பு உறைக்குச் சென்றுவிடும். சுட்டியால் இழுக்கும்போது ஒரு கோப்புறை மற்றொன்றினுள் விழுதலும் உண்டு. ஆதலின் எல்லாக் கோப்புறைகளிலும் தேடும்படி கட்டளையிட்டு ஒருமுறை தேடுக.

(ஆ) கணக்கே இல்லாமை. செயலி தன்னை முதன்முறை திறந்தாற்போலப் புதுக்கணக்கு அமைக்குமாறு கேட்டால், அது வேறொரு புரொபைலைத் திறந்துள்ளது என்று ஐயுறுக. 2019இல் வந்த 68ஆம் பதிப்பு முதலாக, ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொபைல் அமையும் முறை வந்தது. அதனாற் பழையது அழியவில்லை, அருகிலேயே கிடக்கின்றது. புரொபைல்களைக் காட்டும் பக்கத்திற் சென்று பழையதைத் தெரிந்தால் யாவும் மீளும். புதியதில் மீண்டும் கணக்கமைத்துக் குழப்பத்தைப் பெருக்கற்க.

(இ) செயலி திறவாமை. 'ஏற்கெனவே இயங்குகின்றது, ஆயின் மறுமொழி தரவில்லை' என்னும் கருத்துடைய அறிவிப்பு வரின், முன்னைய இயக்கம் முற்றுப்பெறவில்லை என்பது பொருள். கணினியை மூடித் திறந்தும் அது தீராவிடின், புரொபைலுள் 'பேரன்ட்.லொக்' என்னும் பூட்டுக் கோப்பு எஞ்சியிருக்கும். செயலி இயங்கவில்லை என்பதை உறுதிசெய்தபின் அதனை நீக்குக.

(ஈ) புதுமடல் வாராமை. பழையன இருக்கப் புதியன வாராவிடின், குறை சேமிப்பிலன்று, வழியில் என்க. கூகிள் நிறுவனம் 2022ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும், மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் தனியார் மடற்கணக்குகளுக்கு 2024 செப்ரெம்பரிலும், வெறுங் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு வெளிச்செயலிகள் நுழையும் பழைய முறையை நிறுத்தின. கணக்கின் அமைப்பில் அடையாளம் உறுதிசெய்யும் முறையை 'ஓஆத்2' என மாற்றினாலே வழி திறக்கும். வாயில் எண்களையும் சரிபார்க்க: பாதுகாப்புடைய ஐமாப் 993, பொப் 995, அனுப்புதற்கு 465 அல்லது 587.

(உ) காவலனே கவர்தல். வைரசைத் தடுக்கும் மென்பொருள், ஒரு மடலிலுள்ள தீய இணைப்பைக் கண்டு, அம்மடலை மட்டுமன்றி இன்பொக்ஸ் கோப்பு முழுவதையும் சிறைப்படுத்துதல் உண்டு. மடல்கள் யாவும் ஒரே கோப்பில் இருத்தலே இதற்குக் காரணம். அம்மென்பொருளின் தனிமைச்சிறையைத் திறந்து பார்த்து மீட்டுக்கொள்க.

(ஊ) அட்டவணைச் சிதைவு. மேற்கூறிய எவையும் பொருந்தாவிடின் கோப்பின் பருமனைப் பார்க்க. யான் பார்த்தபோது 'மலர்' என்னும் பின்னொட்டற்ற கோப்பு 186 மெகாபைற்று இருந்தது. அதன் அருகே நின்ற எம்.எஸ்.எவ் கோப்போ 0. திரை வெறுமை என்றது. பருமன் நிறைவு என்றது. திரையை நம்பாது பருமனை நம்பினேன். அக்கணமே பாதி அச்சம் தீர்ந்தது.

4. அட்டவணையைப் புதுக்குதல்

பொப் கணக்குக்கும், 'லோக்கல் போல்டர்ஸ்' எனப்படும் உள்ளூர்க் கோப்புறைகளுக்கும் மருந்து எளிது. கோப்புறையின் பெயர்மேல் வலச்சொடுக்குச் செய்து, பண்புகள் என்னும் பெட்டியைத் திறந்தால் 'றிப்பெயர் போல்டர்' என்னும் பொத்தான் இருக்கும். அதனை அழுத்தினால், செயலி சுருளை முதலிலிருந்து படித்துப் புதிய அட்டவணையை எழுதும். இது பயன்படாவிடின், செயலியை மூடி, எம்.எஸ்.எவ் கோப்பை மட்டும் வேறு பெயரிட்டு ஒதுக்கிவைத்துத் திறக்க. பழைய அட்டவணையைக் காணாத செயலி தானே புதியதொன்றை அமைத்துக்கொள்ளும். பின்னொட்டற்ற கோப்பின்மேல் கை படலாகாது என்பதை மீண்டும் வற்புறுத்துகின்றேன். இரண்டும் ஒரே பெயரின. ஒன்று நிழல், மற்றது உயிர்.

ஐமாப் கணக்குக்கு இம்மருந்தை நேரே கொடுத்தல் ஆகாது. அங்கே திருத்துதல் என்பது சேவையகத்தினின்றும் மீளக் கொணர்தல். சேவையகத்தில் மடல்கள் இருந்தால் நன்று. இல்லையெனின் நிழலும் போம். ஆதலின் இணையம் துண்டித்த நிலையில், 'ஐமாப்மெயில்' உறையிலிருந்து பின்னொட்டற்ற கோப்பைப் படியெடுத்து, 'மெயில்' உறையினுள் உள்ளூர்க் கோப்புறைகளுக்குரிய இடத்தில், வேறொரு பெயரிட்டு வைக்க. செயலியைத் திறக்கும்போது அது புதியதோர் உள்ளூர்க் கோப்புறையாய்த் தோன்றும்.

யான் எம்.எஸ்.எவ் கோப்பை ஒதுக்கிவைத்துச் செயலியைத் திறந்தேன். சில விநாடி ஒன்றுமில்லை. பின்னர் மடல்கள் வரிசை வரிசையாக எழுந்தன. எண்ணிப் பார்த்தேன்: 39. வரவேண்டியவை 41. வாராத இரண்டனுள் ஒன்று, காலமான அன்பரின் மடல்.

5. அழித்தல் வேறு, அழிதல் வேறு

அட்டவணையிலுள்ள குறை நீங்கியபின்பும் இரு மடல்கள் வாராமைக்கு, அவற்றை யானே என்றோ கைதவறி அழித்திருத்தல் வேண்டும் என்பது தவிர வேறு காரணம் தோன்றவில்லை. குப்பைக்கூடை உறையும் வெறுமையாக்கப்பட்டிருந்தது. முடிந்தது என்று எண்ணினேன். முடியவில்லை.

எம்பொக்ஸ் சுருளின் நடுவிலிருந்து ஒரு மடலை வெட்டி எடுப்பின், அதன் பின்னுள்ள எல்லாவற்றையும் முன்னே நகர்த்தி எழுதவேண்டும். ஒவ்வோர் அழிப்புக்கும் அவ்வாறு செய்தல் பெருவேலை. ஆதலின் செயலி வெட்டுவதில்லை. 'இஃது அழிந்தது' என்னும் அடையாளத்தை மட்டும் மடலின் தலைப்பகுதியிலிட்டு, வரிசையிற் காட்டாது விட்டுவிடும். ஆசிரியர் ஒரு வரியைக் கோடிட்டு அடித்தாலும் கோட்டின் கீழே எழுத்து இருப்பதை இஃது ஒக்கும். பின்னர்ச் 'சுருக்குதல்' நிகழும்போதுதான், அடிக்கப்பட்டவற்றை விட்டு எஞ்சியவற்றைப் புதிய கோப்பிற் பெயர்த்தெழுதிப் பழையதை நீக்கும். அதுவே மெய்யான அழிவு. சுருக்கற்க என்று முன்னர் யான் விலக்கியதன் காரணம் இதுவே. மிச்சமாகும் இடம் ஓரளவைக் கடந்தால் தானே சுருக்கும் வழக்கமும் செயலிக்கு உண்டு. மீட்புப்பணி நடைபெறும்போது அமைப்புப் பகுதியிற் சென்று அவ்வழக்கத்தை நிறுத்திவைக்க.

அழிந்ததன் அடையாளம் யாதெனிற் கூறுவாம். மடலின் தலைப்பகுதியில் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேற்றஸ்' என்னும் வரி ஒன்றுண்டு. அதில் நான்கு இலக்கங்கள் இருக்கும். ஈற்றிலக்கத்தில் 1 என்பது படித்தது. 2 என்பது மறுமொழி எழுதியது. 4 என்பது நட்சத்திரமிட்டது. 8 என்பது அழித்தது. ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தின் அவை கூட்டப்படும். படித்தபின் அழித்த மடலுக்கு 8உம் 1உம் சேர்ந்து 0009 என்றாகும். தொகை ஒன்பதைக் கடந்தால் உரோம எழுத்துகள் வரும்: 10க்கு 'ஏ', 11க்கு 'பி' என்றவாறு. மீட்க விரும்புவோர் தொகையிலிருந்து 8ஐக் கழித்தல் வேண்டும். 0009 என்பது 0001 ஆகும். 0008 என்பது 0000 ஆகும்.

செய்யுமுறை வருமாறு. கோப்பின் படியொன்றை, பெரிய கோப்புகளைத் தாங்கவல்ல எளிய உரைத்தொகுப்பியில் திறக்க. சொற்செயலியில் திறக்கற்க, அது தன் குறிகளைப் புகுத்திவிடும். வேண்டிய மடலைத் தேடி, அவ்விலக்கத்தை மட்டும் மாற்றுக. வரியின் எழுத்துத்தொகை கூடவும் குறையவும் கூடாது. சேமித்தபின் அப்படியை உள்ளூர்க் கோப்புறைகளின் இடத்தில் வேறு பெயரிட்டு வைத்துச் செயலியைத் திறக்க. செயலி புதிய அட்டவணை எழுதும்போது அம்மடலையும் சேர்த்தெழுதும்.

அன்பரின் மின்னஞ்சல் முகவரியைத் தேடியபோது, சுருளின் நடுவே அவர் மடல் நின்றது. ஈற்றிலக்கம் 'பி'. அஃதாவது 8உம் 2உம் 1உம். யான் அதனைப் படித்தேன், மறுமொழி எழுதினேன், பின் அழித்தேன் என்று அவ்வோர் எழுத்து என்னைக் குறித்துச் சாட்சி கூறிற்று. 8ஐக் கழித்து 3 ஆக்கினேன். மடல் மீண்டது. அவர் கட்டுரை இம்மலரில் இடம்பெறுகின்றது.

மற்றையது மீளவில்லை. அது நம் ஆசிரியப் பெருந்தகை ஒருவர், முதுமையிலும் தம் பெயரனைக்கொண்டு தட்டெழுதி அனுப்பியது. சுருள் முழுவதும் தேடியும் அதன் சுவடில்லை. நினைத்துப் பார்த்தபோது, இரு திங்களுக்கு முன் 'இடம் மிச்சப்படுத்தக் கோப்புறைகளைச் சுருக்கவோ?' என்று செயலி வினவியதும், யான் படியாமலே 'ஆம்' என்றதும் நினைவில் வந்தன. பெயரனின் அனுப்பிய மடல்களிற் படி இருக்கக்கூடும் என்று கேட்டேன். அவர் பழைய கைபேசியோடு அக்கணக்கையும் விட்டுவிட்டார். ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தொலைபேசியில் மீண்டும் சொன்னார், யான் எழுதிக்கொண்டேன். அதுவே இம்மலரில் உள்ளது. ஆயினும், இரண்டாம் முறை சொன்னது முதன்முறை எழுதியது அன்று என்பதை அவரும் அறிவார், யானும் அறிவேன்.

6. தமிழ்மடலின் தனியியல்பு

எம்பொக்ஸ் கோப்பைத் திறந்து பார்க்கும் தமிழன்பர் ஒன்றைக் கண்டு திகைப்பர். தமிழில் எழுதிய மடல் அங்கே பெரும்பாலும் தமிழாய் இராது. பொருளற்ற உரோம எழுத்துகளும் எண்களும் வரிவரியாய் நிற்கும். கோப்புச் சிதைந்தது என்று எண்ணற்க. மின்னஞ்சல் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்கென்றே அமைந்தது. பிறமொழி எழுத்துகளும் படங்களும் அவ்வழியே செல்லுதற்கு 1992இல் 'மைம்' என்னும் நெறி வகுக்கப்பட்டது. அந்நெறியில் 'பேஸ்64' என்னும் முறை ஒவ்வொரு 3 பைற்றையும் 4 உரோமக் குறிகளாக மாற்றும். யுனிக்கோட் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் யு.ரி.எவ்-8 முறையில் 3 பைற்று ஆதலின், ஒரு குறி 4 உரோமக் குறிக்கு நேராகும். எனவே அக்கோப்பினுள் 'விடுதி' என்று தமிழிலே தேடினால் பெரும்பாலும் அகப்படாது. முகவரியையோ நாளையோ கொண்டு தேடுக. அவை இயல்பான எழுத்திலேயே இருக்கும்.

மற்றொரு மயக்கமும் உண்டு. யுனிக்கோட் பரவுமுன் நம்மவர் பாமினி முதலாய எழுத்துருக்களில் எழுதினர். அவை உரோம எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவத்தை வரைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத இன்றைய கணினியில் அப்பழைய மடல்கள் செயலியிலேயே உரோம எழுத்துக் குவியலாய்த் தோன்றும். இதுவும் சிதைவன்று. பாமினியை யுனிக்கோட்டாக மாற்றும் கருவிகள் உள. அவற்றில் இட்டால் தமிழ் வெளிப்படும். இதனை அறியாது, 'பழுதான மடல்' என்று எத்தனை நல்ல கடிதங்கள் அழிக்கப்பட்டனவோ!

7. பிற செயலிகள் பற்றிச் சில

பழைய மாணவர் பலரிடம் அவுட்லுக் எக்ஸ்பிரசில் இருந்த மடல்கள் எஞ்சியிருக்கக்கூடும். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த அச்செயலி இன்று வழக்கொழிந்தது; எக்ஸ்பிக்குரிய ஆதரவு 2014 ஏப்பிரல் 8இல் முடிவுற்றது. அதில் ஒவ்வொரு கோப்புறையும் டி.பி.எக்ஸ் என்னும் பின்னொட்டுடைய ஒரு கோப்பு. அது 2 கிகாபைற்றை அணுகினாற் கேடுறும். பழைய கணினி இன்னும் இயங்குமாயின், மடல்களைத் தெரிந்து, மேசைத்தளத்திலுள்ள வெறுங் கோப்புறையினுள் இழுத்துவிடுக. ஒவ்வொன்றும் ஈ.எம்.எல் என்னும் தனிக்கோப்பாகும். அதனை இன்றைய செயலிகள் திறக்கும்.

மைக்ரோசொப்ற் அவுட்லுக் செயலி பி.எஸ்.ரி என்னும் கோப்பில் மடலையும் அட்டவணையையும் ஒருங்கே வைக்கும். 2003க்கு முந்திய பதிப்புகளின் கோப்புக்கும் 2 கிகாபைற்று எல்லை உண்டு. அதனைத் திருத்துதற்கு அச்செயலியோடு 'ஸ்கான்பிஎஸ்ரி' என்னும் கருவி வருகின்றது. அங்கும் விதி ஒன்றே: முதலிற் படி, பின்னரே திருத்தம்.

கோப்பே வட்டிலிருந்து நீக்கப்பட்டதாயின் கணினியை உடனே நிறுத்தி, அறிந்தவரிடம் கொடுக்க. பழைய சுழல்வட்டாயின் மீட்கும் வாய்ப்புண்டு. புதிய திண்மநிலை வட்டில், நீக்கிய இடத்தைக் கணினி தானே துடைத்துவிடுமாதலால் அவ்வாய்ப்பு மிகக் குறைவு.

8. படியே காவல்

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901), செல்லரித்து உதிரும் ஏடுகளைத் தேடி, பல படிகளை ஒப்புநோக்கி அச்சேற்றினார். படி எஞ்சியிருந்த நூலையே அவரால் மீட்க முடிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீயிடப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாதவை மீளாமலே போயின. நம் நாட்டவர்க்கு இப்பாடத்தைப் பிறர் சொல்லவேண்டியதில்லை.

மின்மடலுக்கும் அதே விதி. மூன்று படிகள் வைக்க. அவை இரு வேறு வகை ஊடகத்தில் இருக்க. அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இல்லத்தில் இருக்க. திங்களுக்கு ஒருமுறை செயலியை மூடிப் புரொபைல் கோப்புறையைப் படியெடுத்தல் சிறுபொழுதில் முடியும் வேலை. மிக அரியவற்றை ஈ.எம்.எல் கோப்பாகச் சேமித்ததோடு அமையாது, தாளிலும் அச்சிட்டு வைக்க. தாளுக்குக் கடவுச்சொல் வேண்டியதில்லை.

பயிற்சி

மாணவர்காள்! துன்பம் வருமுன் இதனைச் செய்து பழகுக. உள்ளூர்க் கோப்புறைகளில் 'சோதனை' என்றொரு கோப்புறை அமைத்து, வேண்டாத ஐந்து மடல்களின் படிகளை அதனுள் இடுக. செயலியை மூடி, அதன் எம்.எஸ்.எவ் கோப்பை ஒதுக்கிவைத்துத் திறந்து, மடல்கள் மீள்வதைக் காண்க. அடுத்து, ஒன்றை அழித்து, சுருக்குமுன் அதன் ஈற்றிலக்கத்தைக் கண்டு மீட்க. இறுதியில் மற்றொன்றை அழித்துக் கோப்புறையைச் சுருக்கியபின் அதனைத் தேடுக, அது கிடையாது. மூன்றாவது பயிற்சியை மறவாதவர்க்கு முதலிரண்டும் வேண்டியிரா.

இவ்விழா மலர் நூற்றுக்கணக்கில் அச்சாகி நாடுகள்தோறும் செல்லவிருக்கின்றது. ஒரு கணினியின் ஒரு கோப்பில் ஒடுங்கிக் கிடந்த அம்முதுநினைவுகள் இனிப் பல இல்லங்களில் இருக்கும். இதனைப் பெறும் அன்பர்கள் தத்தம் பழைய மடற்பேழைகளையும் ஒருமுறை திறந்து பார்ப்பாராக. நம் கல்லூரியைப் பற்றி யாரோ ஒருவர் என்றோ எழுதிய கடிதம் ஒன்று, அட்டவணையில் இல்லாமல், அங்கே இன்னும் இருத்தல் கூடும்.

வாழ்க நம் கல்லூரி!